"நீங்க அந்த மாதிரி இல்ல": சொந்தக் கதை சொன்னால் வெறுப்பு குறையுமா?

"நீங்க மத்தவங்க மாதிரி இல்லைங்க." தமிழ்நாட்டில் முஸ்லிமாகப் பிறந்து, வேலைக்குப் போய், நாலு பேரோடு பழகிய பெரும்பாலோர் இந்த வரியைக் கேட்டிருப்பார்கள். இதற்குச் சில கிளை வடிவங்களும் உண்டு. "பாத்தா முஸ்லிம் மாதிரியே தெரியல." "தமிழ் இவ்ளோ நல்லா பேசுறீங்களே, வீட்ல உருதுதானே?" எங்கள் குடும்பத்தில் எனக்குத் தெரிந்த தலைமுறை எதிலும் ஒருவருக்கும் உருது தெரியாது. கம்பத்து ராவுத்தர் வீட்டில் உருதுக்கு எங்கே போவது? ஆனாலும் கேட்கிறவர்கள் பாராட்டாகத்தான் கேட்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

இந்தப் பாராட்டை நான் ஒரு ஆராய்ச்சிக் கேள்வியாகப் பார்க்கத் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. முஸ்லிம்களைப் பற்றிய தவறான எண்ணம் போக வேண்டுமானால் அவர்கள் தங்கள் சொந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்பது எல்லோரும் தலையாட்டும் யோசனை. 2000-ல் டென்மார்க்கின் ரோஸ்கில்ட இசை விழாவில் தொடங்கிய 'மனித நூலகம்' இந்த நம்பிக்கையில்தான் நடக்கிறது: புத்தகத்துக்குப் பதிலாக ஒரு மனிதரை இரவல் வாங்கி, எதிரே உட்கார்ந்து, கேட்க நினைத்ததைக் கேட்கலாம். நம் ஊர்க் கல்லூரிகளின் நல்லிணக்க நாள் கூட்டங்களும் இதே வகைதான். என்னையும் கூப்பிடுவார்கள், நானும் போவேன். பேசி முடித்ததும் யாராவது வந்து கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார்கள்: "நீங்க மத்தவங்க மாதிரி இல்ல."

அப்படியானால் கதை என்னதான் செய்தது? என்னை மட்டும் தூக்கித் தனியாக வைத்துவிட்டு, மீதி எல்லோரையும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டது. சமூக உளவியலில் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள், சப்டைப்பிங் என்று. ஒரு கூட்டத்தைப் பற்றி மனதில் ஒரு படம் இருக்கிறது. அதற்குப் பொருந்தாத ஒருவர் எதிரே வருகிறார். படத்தை மாற்றுவதைவிட, வந்தவரை விதிவிலக்கு என்று ஓரமாக வைப்பது மனதுக்குச் சுலபம். இப்படி எத்தனை விதிவிலக்கு சேர்ந்தாலும் படம் அப்படியே இருக்கலாம்.

இதை நேரடியாக அளந்து காட்டிய ஆய்வு என்று எனக்குத் தோன்றுவது ஈராக்கில் நடந்தது. வடக்கு ஈராக்கின் காராகோஷ் கிறிஸ்தவர்கள் அதிகம் வாழ்ந்த ஊர். 2014-ல் ஐஎஸ் படை வந்தபோது ஊரே காலியாகி எர்பில் பக்கம் ஓடியது. திரும்பி வந்த பிறகு, பக்கத்தில் வாழும் முஸ்லிம்கள்மீது நம்பிக்கை எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சல்மா மூசா என்ற ஆய்வாளர் அங்கே கால்பந்து லீக் ஒன்றை ஏற்பாடு செய்தார். கிறிஸ்தவ இளைஞர்களின் அணிகளுக்குக் கூடுதல் வீரர்கள் சிலரைச் சேர்த்தார். சில அணிகளுக்கு வந்தவர்கள் முஸ்லிம்கள், மற்றவற்றுக்குக் கிறிஸ்தவர்கள். எந்த அணிக்கு யார் என்பது குலுக்கல் முறை. இரண்டு மாதம் ஒன்றாக விளையாடினார்கள். முடிவுகள் 2020-ல் சயன்ஸ் இதழில் வந்தன.

முஸ்லிம்களோடு விளையாடிய கிறிஸ்தவர்கள், ஆறு மாதம் கழித்தும் முஸ்லிம்களோடு சேர்ந்து பயிற்சி செய்வது மற்ற அணியினரைவிட 49 சதவீதப் புள்ளி அதிகமாக இருந்தது. சமூக அறிவியலில் இவ்வளவு பெரிய வித்தியாசம் அபூர்வம். வேறு அணியில் ஆடும் முஸ்லிமுக்கு விருது கொடுக்க ஓட்டுப் போடவும் அவர்கள் தயாராக இருந்தார்கள். ஆனால் மைதானத்துக்கு வெளியே? மோசுல் நகரத்து உணவகத்துக்குச் சலுகைச் சீட்டு கொடுத்தபோது போனார்களா, எல்லோரும் கலந்துகொள்ளும் விருந்துக்கு வந்தார்களா என்று பார்த்தால், இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கால்பந்து ஆடும் முஸ்லிம் நண்பனாகிவிட்டான். தெருவில் போகும் முஸ்லிம் அந்நியனாகவே இருந்தான்.

இதைப் படித்தபோது எங்கள் பழைய வீட்டு ஓனரம்மா நினைவுக்கு வந்தார். சென்னையில் வீடு தேடிய கதையை நீட்ட விரும்பவில்லை. போனில் பெயரைச் சொன்னதும் "ஓனர் வெஜிடேரியன் ஃபேமிலியாப் பாக்குறாங்க மேடம்" என்று ஒரு புரோக்கர் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்பது எல்லோருக்கும் தெரியும். கடைசியில் அந்த வீடு கிடைத்ததே உடன் வேலை பார்த்த ஒரு தோழி நேரில் வந்து, "இவ அந்த மாதிரி எல்லாம் இல்ல ஆன்ட்டி, நான் கேரண்டி" என்று சொன்னதால்தான். ஆறு வருடம் இருந்தேன். ஓனரம்மா எனக்குக் காய்ச்சல் என்றால் மிளகு ரசம் கொண்டு வருவார், நோன்பு திறக்கும் நேரம் என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். என் அத்தா இறந்தபோது கூடவே உட்கார்ந்து அழுதார். மாடி போர்ஷன் காலியானபோது கைக்குழந்தையோடு ஒரு முஸ்லிம் தம்பதி கேட்டு வந்தார்கள். இல்லை என்று அனுப்பிவிட்டார். நான் ஏன் என்று கேட்டேன். "உன்ன மாதிரி இருந்தா பரவாயில்லடி. இவங்க எப்படியோ, யாருக்குத் தெரியும்?" என்றார். அந்தக் குரலில் வெறுப்பே இல்லை. என் ஆறு வருடக் கதை அவருக்கு முழுதாகத் தெரியும். அது மாடிப்படி ஏறவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிரான முடிவு தந்த ஆய்வும் கால்பந்திலிருந்துதான் வருகிறது. எகிப்தின் முகமது சலா 2017-ல் லிவர்பூல் அணியில் சேர்ந்தார். முதல் சீசனிலேயே பிரீமியர் லீக்கில் 32 கோல். அடித்ததும் மைதானத்திலேயே சஜ்தா செய்வார். மகள் பெயர் மக்கா. எதையும் மறைக்கிற ஆள் இல்லை. லிவர்பூல் ரசிகர்கள் அவரோடு அவருடைய மதத்தையும் சேர்த்துப் புகழ்ந்து பாட்டே கட்டிவிட்டார்கள். நால்வர் குழு ஒன்று இதை ஆராய்ந்து 2021-ல் வெளியிட்டது. (சல்மா மூசா இதிலும் ஒருவர். கால்பந்தை விடமாட்டார் போல.) லிவர்பூல் இருக்கும் மெர்சிசைடு பகுதியில் வெறுப்புக் குற்றங்கள், சலா வராமல் இருந்தால் எவ்வளவு இருந்திருக்கும் என்ற கணக்கோடு ஒப்பிட்டால், 16 சதவீதம் குறைவு. லிவர்பூல் ரசிகர்களின் முஸ்லிம் எதிர்ப்பு ட்வீட்கள், மற்ற பெரிய அணிகளின் ரசிகர்களோடு ஒப்பிட்டால், பாதியாகிவிட்டன.

ஓனரம்மாவிடம் மாடிப்படி ஏறாத கதை இங்கே எப்படி ஏறியது? அதே குழு ரசிகர்களிடம் ஒரு கணிப்புச் சோதனையும் நடத்தியது. சலாவின் தொழுகை, மதப் பழக்கம் ஆகியவற்றை நினைவூட்டியபோது, இஸ்லாமும் பிரிட்டிஷ் வாழ்க்கையும் ஒத்துப்போகும் என்று சொன்னவர்கள் 18 சதவீதத்திலிருந்து 23 ஆனார்கள். பெரிய தாவல் இல்லைதான். ஆனால் எந்தத் திசையில் நகர்ந்தது என்பது முக்கியம். அவர்களுக்குப் பிடித்த மனிதர் முஸ்லிம் என்பது கண்ணில் படும்போதுதான் பிடித்தம் மற்ற முஸ்லிம்களுக்கும் பரவியது. "பாத்தா முஸ்லிம் மாதிரியே தெரியல" வகை அன்பு ஏன் பரவுவதில்லை என்பதற்கு இதில் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அங்கே பிடித்துப்போனது முஸ்லிமே அல்லாத ஒரு ஆளை. நான் மேடையில் என் கதையைச் சொல்லும்போது எதை எல்லாம் மழுப்புவேன் என்று அதன் பிறகு யோசித்துப் பார்த்தேன். தொழுகை, ஓதல், அம்மாவின் துப்பட்டி எல்லாம் கதையில் வராது. பிரியாணி மட்டும் தவறாமல் வரும்.

சலா பாதையில் ஒரு வில்லங்கம் உண்டு. 32 கோல் அடிக்க வேண்டும். ஜெர்மனியின் மெசுட் ஓசில் 2014-ல் உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தவர். 2018-ல் ஜெர்மனி முதல் சுற்றிலேயே வெளியேறியது. அதற்கு முன்பே துருக்கி அதிபரோடு எடுத்த படத்துக்காக அவரை வறுத்துக்கொண்டிருந்தார்கள். தேசிய அணியிலிருந்து விலகும்போது அவர் சொன்னதன் சாரம்: ஜெயித்தால் நான் ஜெர்மானியன், தோற்றால் குடியேறி. 'நல்ல முஸ்லிம்' என்ற பட்டம் ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டிய லைசென்ஸ் மாதிரி. கோல் அடிக்காத, ஐஏஎஸ் ஆகாத, வெள்ளத்தில் யாரையும் காப்பாற்றாத சாதாரண பாய் ஒருவரும் வாடகைக்கு வீடு கேட்டு வருவாரே, அவர் என்ன செய்வது?

சாதாரண மனிதர்கள் சாதாரணக் கதைகளோடு வீட்டுக் கதவைத் தட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. அதன் வரலாறே ஒரு துப்பறியும் கதை. 2008-ல் கலிபோர்னியாவில் ஒருபாலினத் திருமணத்துக்கு எதிரான வாக்கெடுப்பு ஜெயித்தபோது, லாஸ் ஏஞ்சல்ஸ் எல்ஜிபிடி மையத்தைச் சேர்ந்த டேவ் ஃப்ளைஷர் குழுவினர் எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் வீட்டுக்கே போய், ஏன் என்று கேட்டார்கள். கேட்டுக் கேட்டு ஒரு உரையாடல் முறை உருவானது. 2014-ல் மைக்கேல் லகூர் என்ற ஆய்வு மாணவர், ஒரு பேராசிரியரோடு சேர்ந்து, இந்த முறை அபாரமாக வேலை செய்கிறது என்று சயன்ஸ் இதழில் எழுதினார். டேவிட் புரூக்மன், ஜோஷ்வா கலா என்ற இரண்டு இளைஞர்கள் அதே மாதிரி ஆய்வு நடத்தப் போனபோது லகூரின் எண்கள் இடித்தன. தோண்டினால் தரவு நம்பும்படி இல்லை. 2015-ல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. இங்கேதான் எனக்குப் பிடித்த திருப்பம். மோசடியைக் கண்டுபிடித்த அதே இருவரும் மயாமியில் உண்மையாகவே ஆய்வை நடத்தினார்கள், திருநர்கள் மீதான வெறுப்பைப் பற்றி. சுமார் 10 நிமிடப் பேச்சு. விளைவு குறைந்தது மூன்று மாதம் நின்றது.

முஸ்லிம்களைப் பற்றிய ஆய்வு இல்லை இது. ஆனால் பேச்சு நடக்கும் விதம் நமக்கும் உதவும். கதவைத் திறந்தவரிடம் முதலில் அவர் கருத்தைக் கேட்கிறார்கள், 0 முதல் 10 வரை எங்கே நிற்கிறீர்கள் என்று. எந்தப் பதில் வந்தாலும் முகம் சுளிப்பதில்லை, திருத்துவதில்லை. பிறகு தனக்கோ தனக்குத் தெரிந்தவருக்கோ நடந்த ஒன்றைச் சொல்கிறார்கள். அப்புறம், "உங்களை யாராவது வித்தியாசமா நடத்தினது உண்டா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காது கொடுக்கிறார்கள். கடைசியாக மறுபடியும் அந்த எண். 2020-ல் வெளியான ஆய்வில் இருவரும் ஏழு அமெரிக்க ஊர்களில் 6,869 பேரோடு இதைச் சோதித்தார்கள், ஆவணமற்ற குடியேறிகளைப் பற்றியும் திருநர்களைப் பற்றியும். வாதங்களை மட்டும் எடுத்து வைத்த பேச்சால் பயன் இல்லை. கதைகளைப் பரிமாறிக்கொண்ட பேச்சின் விளைவு குறைந்தது நான்கு மாதம் நின்றது.

மயாமி ஆய்வில் இன்னொரு விஷயம் உண்டு. கதவைத் தட்டியவர் திருநராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் பேச்சு வேலை செய்தது. இதைப் பலர் கவனிப்பதில்லை. பாதிக்கப்பட்டவரே ஒவ்வொரு வாசலிலும் நின்று காயத்தைத் திறந்து காட்ட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. என் தோழி ஓனரம்மாவிடம் பேசலாம். பேச வேண்டிய விதம்தான் வேறு. "இவ அந்த மாதிரி இல்ல" என்பதற்குப் பதிலாக, "இவளுக்கு ஏழு இடத்துல வீடு இல்லன்னு சொல்லிட்டாங்க ஆன்ட்டி, உங்களுக்கு அப்படி எங்கயாவது நடந்திருக்கா?" என்று ஆரம்பித்திருக்கலாம். ஓனரம்மா கைம்பெண். கணவர் போன புதிதில் கைக்குழந்தையோடு வீடு தேடி அலைந்த கதை அவரிடமே இருந்தது. எனக்கு அது நாலாவது வருடம்தான் தெரிந்தது.

எழுதிய கதைக்கு இந்த வலு உண்டா? 2013-ல் டான் ஜான்சன் என்ற அமெரிக்க உளவியலாளரும் குழுவும் ஒரு சின்ன ஆய்வு செய்தார்கள். ஷைலா அப்துல்லா எழுதிய ஆங்கில நாவல் ஒன்றிலிருந்து ஒரு பகுதி: நியூயார்க் சுரங்க ரயிலில் ஒரு முஸ்லிம் பெண் தாக்கப்படுகிறாள். சிலருக்கு அதை அப்படியே கொடுத்தார்கள். சிலருக்கு உரையாடலையும் அவள் மனதில் ஓடுவதையும் நீக்கிவிட்டு நடந்ததை மட்டும் சுருக்கிக் கொடுத்தார்கள். தகவல் இரண்டிலும் ஒன்றுதான். கதையாகப் படித்தவர்களிடம்தான் தப்பெண்ணம் குறைவாக இருந்தது. செய்தித்தாளில் தினம் படிக்கும் சம்பவம் ஏன் நம்மை அசைப்பதில்லை என்பதற்கு இது ஒரு தடயம்.

தமிழில் இதைப் பேசினால் தோப்பில் முகமது மீரானைத் தாண்டிப் போக முடியாது. 1988-ல் புத்தகமாக வந்த 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' எந்த நல்லிணக்கக் கூட்டத்திலும் சிபாரிசு செய்யப்படாது. ஊரை மிதிக்கும் முதலாளி முஸ்லிம். மதத்தின் பெயரால் ஏமாற்றும் தங்ஙள் முஸ்லிம். இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வரக்கூடாது என்று நிற்பவர்களும் முஸ்லிம்கள்தான், முதலாளியை எதிர்த்து நிற்கும் ஏழையும் முஸ்லிம்தான். நல்ல பெயர் வாங்கித் தர எழுதிய நாவல் இல்லை அது. ஆனால் அதைப் படித்து முடித்த ஒருவர் "இவர் மத்தவங்க மாதிரி இல்ல" என்று யாரைத் தனியாக எடுத்து வைப்பார்? ஊர் முழுக்க ஆட்கள், ஒருவர் போல ஒருவர் இல்லை. ஒதுக்கி வைக்க ஓரமே கிடையாது. ஒரு உதாரண புருஷனைக் காட்டுவதைவிட இது நல்ல வழி என்பது என் கணிப்பு. இதை யாராவது தமிழ் வாசகர்களிடம் ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தால் நன்றாக இருக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, முஸ்லிம் யாரும் கதையே சொல்லத் தேவையில்லாத ஒரு முறையையும் சொல்ல வேண்டும். எமில் புருனோவும் சகாக்களும் செய்த ஆய்வு. 1998 பிப்ரவரியில் கோயம்புத்தூர் குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தார்கள். அந்த வாரம் கம்பத்தில் அத்தாவின் பாத்திரக் கடைக்கு வந்த பழைய வாடிக்கையாளர் ஒருவர், குக்கர் விலையைக் கேட்பது போலவே, "ஏன் பாய், உங்க ஆளுங்க ஏன் இப்படிப் பண்றாங்க?" என்று கேட்டார். கோயம்புத்தூரில் எங்களுக்குச் சொந்தக்காரர்கள்கூடக் கிடையாது. அத்தா பதில் சொல்லவில்லை, குக்கருக்கு மூடி போட்டுக் காட்டினார். அந்தக் கேள்வி எப்படி வேலை செய்கிறதோ அதைத்தான் புருனோ குழு கையில் எடுத்தது. முதலில், உங்கள் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவன் செய்த கொலைக்கு நீங்கள் எவ்வளவு பொறுப்பு என்று கேட்பது. 2011-ல் நார்வேயில் 77 பேரைக் கொன்ற பிரெய்விக் போன்ற ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு பொறுப்பு? சுத்தமாக இல்லை என்பார்கள். அடுத்து, ஒரு முஸ்லிம் தீவிரவாதி செய்ததற்கு, தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் முஸ்லிம் ஒருவர் எவ்வளவு பொறுப்பு என்று கேட்பது. முதல் பதிலைச் சொன்ன வாயால் இரண்டாவதற்கு வேறு பதில் சொல்வது கஷ்டமாகிவிடுகிறது. ஸ்பெயினில் செய்து 2020-ல் வெளியான ஆய்வில், இதனால் முஸ்லிம்கள் மீதான பகை குறைந்தது ஒரு மாதம் கழித்தும், ஒரு வருடம் கழித்தும் தெரிந்தது. அதே ஆண்டு புருனோ மூளைப் புற்றுநோயால் இறந்துபோனார்.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது, யாரும் குத்திக்காட்டப்படுவதில்லை. முரணைக் கண்டுபிடிப்பது கேட்கப்பட்டவரே. கூட்டத்தில் எழுந்து "அப்போ நீங்க மட்டும்?" என்று எதிர்க்கேள்வி போடுவதும் இதுவும் ஒன்றல்ல. எதிர்க்கேள்வி போட்டால் சண்டைதான் வரும், நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இப்போதெல்லாம் கல்லூரிகளில் கூப்பிட்டால் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். ஆடிட்டோரியம் வேண்டாம், இருபது பேர் உட்காரும் வகுப்பறை போதும். முதலில் நான் பேசமாட்டேன், பெயரையோ ஊரையோ முகத்தையோ வைத்துத் தங்களை யாராவது எடைபோட்டது உண்டா என்று மாணவர்கள் சொல்ல வேண்டும். பெரும்பாலும் ஒத்துக்கொள்வதில்லை. பேனர் அடித்தாகிவிட்டது, சிறப்பு விருந்தினர் பேசாமல் எப்படி என்பார்கள். ஒரு கல்லூரியில் சரி என்றார்கள். முதல் பத்து நிமிடம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்தான். ஊர்ப் பெயரைச் சொன்னாலே சாதியைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்று விடுதியில் பக்கத்து ஊர்ப் பெயரைச் சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னான். அவனுடைய ரூம்மேட் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான், அவனுக்கே அப்போதுதான் தெரியும். அதற்குப் பிறகு ஒருவர் பின் ஒருவராகப் பேசினார்கள். என் முறை வருவதற்குள் மணி அடித்துவிட்டது.